நானா கொண்டுவந்த பீங்கான்

ஹஜ்ஜுப் பெருநாள் பகல் சாப்பாட்டுக்கு என் நானா வந்துவிடக் கூடாது என்பதற்காக அவரிடம் பொய் சொன்னேன். எனக்கிருக்கும் ஒரே அண்ணன் அவர்.

அந்த வருடம் என் மனைவிக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. அவளால் அடுப்படியில் நிற்க முடியாது. மகள்தான் வழி சொன்னாள்.

"வாப்பா, இந்தப் பெருநாள லேசா முடிச்சிக்கொள்ளுவோம். சமைக்கிற வேலையும் வேணாம், கழுவுற வேலையும் வேணாம்."

கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடையில் சொல்லி மூன்று சஹன் சோறு எடுப்பது, தேநீருக்குக் கடதாசிக் கோப்பை, மாலைக்குள் எல்லோரும் புறப்பட்டுவிடுவது என்று ஏற்பாடானது. கடுகண்ணாவையிலிருந்து மகளைக் கட்டிக்கொடுத்த புதுச் சம்பந்தி வீட்டார் முதல் தடவையாக வருகிறார்கள். மடவளையில் எங்கள் வீட்டுக் கூடம் அப்படியொன்றும் பெரியதல்ல. சிரமம் தரக்கூடியவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போனேன். அப்படி விலக்கியதில் நானாவும் சேர்ந்துவிட்டார்.

நானாவுக்கு வலது கை நடுங்கும். சஹன் என்பது ஆறு பேர் தரையில் சுற்றியிருந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடும் பெரிய தட்டு. முந்திய பெருநாளில் அவர் பிடித்த சோறு வாய்க்குப் போகுமுன் அடுத்தவர் பக்கமெல்லாம் சிதறியது. பக்கத்தில் இருந்த என் மகன்வழிப் பேரப்பிள்ளை, "சஹன்ல மழ பெய்யுது!" என்று கத்தினான்.

நானாவே முதலில் சிரித்தார். "மழ பெஞ்சா பரக்கத்துதான் மகன், எல்லாம் பெருகும், நல்லாத் தின்னுங்க."

தன் கையைப் பற்றி அவர் வெட்கப்படவில்லை. நான்தான் வெட்கப்பட்டேன். சம்பந்தியோடு ஒரே சஹனில் அவரை நினைத்துப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

பெருநாளுக்கு முதல் நாள் அலவத்துகொடயில் இருக்கும் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"இந்த முற ஒண்டும் செய்யல்ல நானா. அவக்குக் காலும் ஏலாது. நாங்க ரெண்டு பேரும் சும்மா வீட்ல ஈக்கிற."

"அப்ப பெருநாள் சோறு?"

"என்னவாச்சும் பாத்துக்கொள்ளுவோம்."

"சரி, சரி" என்றார். விஷயம் லேசாக முடிந்தது என்று எனக்கு நிம்மதிதான்.

மறுநாள் பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு மூன்று சஹனும் விரித்து எல்லோரும் கைபோட்ட நேரம், வாசலில் ஸலாம் கேட்டது. நானா நின்றார். கையில் சோற்றுக் கேரியர். கை நடுங்கியதில் அதன் தட்டுகள் கிலுகிலுவென்று சத்தமிட்டன.

கூடத்தை ஒரு தடவை பார்த்தார்.

"மச்சிக்குக் கால் ஏலாதுண்டு சொன்ன. அதான் ஒன்ட மதினி கொஞ்சம் சோறாக்கித் தந்த," என்று சொல்லி, கேரியரைக் கதவோரக் கதிரையில் வைத்தார்.

சம்பந்திதான் சட்டென நகர்ந்து இடம் விட்டார். "வாங்க நானா, இதில உக்காருங்க!"

"இல்ல, வயிறு நெறஞ்சி ஈக்கி. ஓட்டோவும் நிக்கிது. நீங்க தின்னுங்க."

சோறு ஒட்டிய கையோடு நான் வாசல் படலை வரை ஓடினேன். அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் அசைத்தார். அந்தக் கேரியரில் இருந்தது இரண்டு பேருக்கான சோறல்ல. மூன்று பேருக்குப் போதும். எங்களோடு இருந்து தின்னத்தான் கொண்டுவந்திருந்தார்.

அந்த வாரமே அலவத்துகொடக்குப் போனேன். "நானா, நான் பொய் சொன்ன," என்றேன்.

"என்ன பொய்? மச்சிக்குக் கால் ஏலாதுதானே? அது உண்மதானே?" என்று சொல்லிவிட்டு, தேநீர் கொண்டுவரும்படி உள்ளே குரல் கொடுத்தார். மன்னிப்புக் கேட்க அவர் எனக்கு இடம் தரவில்லை.

அடுத்து வந்த நோன்புப் பெருநாளுக்கு வேறு யாரையும் அழைக்கவில்லை. நானாவையும் அவர் மனைவியான மதினியையும் மட்டும் அழைத்தேன். கடையில் எடுக்கவுமில்லை. மனைவி கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல, அதிகாலை சுபஹிலிருந்து நின்று நானே சமைத்தேன். பெண்கள் உள்ளே சாப்பிட, எங்கள் இருவருக்கும் கூடத்தில் ஒரு சஹன் வைத்தேன்.

நானா வந்தார். பையிலிருந்து ஒரு பீங்கான் தட்டும் கரண்டியும் எடுத்தார்.

"எனக்கு இதுதான் லேசு," என்று கதிரையில் அமர்ந்துகொண்டார்.

"வேணாம் நானா, கீழ வாங்க. நாங்க ரெண்டு பேர்தானே."

"நீ தின்னு. ஒனக்கும் லேசு."

அவருடைய பீங்கானில் சோறு போட்டுக் கொடுத்தேன். சிறு வயதில் சஹனில் இறைச்சியைப் பிய்த்து என் பக்கம் தள்ளிவிடுவது அவர் வழக்கம். அன்று நான் பிய்த்தேன். எதிர்ப் பக்கம் தள்ளியபின்தான் அங்கே யாரும் இல்லை என்பது உறைத்தது. மேலே கரண்டி பீங்கானில் தட்டிக்கொண்டே இருந்தது.

"இது ஆர்ட சமையல்?" என்று கேட்டார்.

"நான்தான் நானா."

"நீயா! அதான் உப்பு கூட." உண்மையாகவே சிரித்தார். பிறகு, "ஏன் இவ்வளவு கஷ்டப்பட்ட? கடையில எடுத்தீந்தா லேசுதானே?" என்றார்.

குத்திச் சொன்னாரா, என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னாரா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அதன் பிறகு ஒரு பெருநாளுக்கும் அவர் வராமல் இருந்ததில்லை. பீங்கானைக் கொண்டுவராமல் வந்ததும் இல்லை.