கொஞ்சம் பார்த்துப் பண்ணணும்

யாராவது கிட்டே வந்தால் எங்கள் மெக்கானிக் உடனே முதுகைத் திருப்பிக்கொள்வார். நல்ல அகலமான முதுகு. அதற்கு அந்தப் பக்கம், பிஸ்கட்டுக்குத் தாள் சுற்றும் இயந்திரத்தின் வயிற்றுக்குள் அவர் கை என்ன செய்கிறது என்று தொழிற்சாலையில் ஒருவருக்கும் தெரியாது. நின்ற இயந்திரம் ஓடும், அவ்வளவுதான். கேட்டால், "அது கைவாகு. சொல்லி வராது" என்பார். அவர் என் அக்காவின் கணவர். நான் அங்கேயே கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மைத்துனன் என்று எனக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. எனக்கும் அதே முதுகுதான்.

தெரிந்ததை எல்லோரும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மேனேஜர் ஒரு திட்டம் கொண்டுவந்தார். கேமரா வைத்தார்கள். அத்தான் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்று, எண்ணெய் விடுவதன் அருமையைப் பற்றி வெளுத்து வாங்கினார். முக்கியமான கட்டம் வந்ததும், "இங்கதான் கொஞ்சம் பார்த்துப் பண்ணணும்" என்றார்.

"எதைப் பார்த்து?" என்று கேட்டார் மேனேஜர்.

"பார்த்துன்னா... பார்த்துதான் சார்."

பிறகு மகளுக்குப் பிரசவம் என்று அத்தான் விடுப்பில் போனார். குளியலறைக்கும் ஃபோனை எடுத்துப்போனார். வழக்கமாக அவர் விடுப்பில் இருந்தால், தொழிற்சாலையிலிருந்து இரண்டாம் நாளே கெஞ்சிக்கொண்டு கூப்பிடுவார்கள். இந்த முறை மூச்சே இல்லை. பேத்தியைப் பார்க்க நான் போனபோது மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. "மிஷின் உங்களை மறந்துடுச்சு போல" என்று அக்கா வேறு சீண்டினாள்.

பொறுக்கமாட்டாமல், ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அவரே கூப்பிட்டார். பேக்கிங் சூப்பர்வைசர் அம்மா எடுத்தார்.

"நடுவுல நின்னுச்சுண்ணே. நாங்களே சரி பண்ணிட்டோம்."

"எப்படி? மேல் ரோலரைத் தளர்த்தினியா?"

"ம்... தளர்த்தினோம்."

"ஸ்பிரிங்கைக் கழட்டாம தளர்த்தினா தாள் கிழியுமே!"

"கழட்டிட்டுத்தாண்ணே."

"கழட்டிட்டு? கத்தியை ஒரு நூல் மேலே ஏத்தாம போல்ட்டை முடுக்கினா எப்படிம்மா ஓடும்?"

மறுமுனையில் இரும்பு உரசியது. குசுகுசுப்பு. பிறகு கடகடவென்று இயந்திரம் கிளம்பியது. கைதட்டலும் சேர்ந்து கேட்டது. அதுவரை அது ஓடவே இல்லை என்பது அத்தானுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அடிப்பாவி!"

"காலைலேர்ந்து நின்னுதாண்ணே கிடந்துச்சு. கேட்டா சொல்லியிருப்பீங்களா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். அத்தான் ஃபோனை விசிறி அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். இல்லை. கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, அந்தக் கடகடப்பைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சத்தம் இழுக்குது. இன்னும் துளி இடப்பக்கம்" என்றார். அவர் விரல்கள் வெறுங்காற்றில் எதையோ மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தன.