தேவண்ணை கைவிடவில்லை

தேவண்ணை போய்விட்டார். நேற்றுக் காலை, ஓல்டன் ஆஸ்பத்திரியில். இதயம்.

மூன்று நாள் உள்ளே இருந்திருக்கிறார். ஒருவருக்கும் சொல்லவில்லை. அவர் அப்படித்தான்.

இனி நிறையப் பேர் பூப்படம் போட்டு அனுதாபம் எழுதுவீர்கள். எழுதுங்கள். ஆனால் கோயில் வாசலிலும் கலியாண ஹோல்களிலும் "பெண்சாதியைக் கைவிட்ட மனுசன்" என்று இவ்வளவு காலமும் கதைத்தவர்கள், முதலில் இதை வாசியுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. சுவிஸின் எங்கடின் பள்ளத்தாக்கில், தேசியப் பூங்காவுக்குப் பக்கத்து ஊரில் ஒரு ஹோட்டல். அங்கே நானும் அவரும் கோப்பை கழுவினோம். எனக்கு இருபத்தொன்று, அவருக்கு முப்பது.

இரண்டு பேருடைய அகதி வழக்கும் இழுபட்டுக்கொண்டிருந்தது. கையில் ஒரு தற்காலிக அட்டை. அதை வைத்துக்கொண்டு அவர்களுடைய சட்டியைக் கழுவலாம். எல்லை தாண்ட முடியாது, மனைவியைக் கூப்பிட முடியாது.

அவருடைய மனைவி மாலதி அக்கா ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனை நம்பி இத்தாலி வரைக்கும் வந்துவிட்டார். மிலானில் ஒரே அறையில் பத்துப் பேரோடு இருந்தார். கலியாணம் முடித்து நாலு மாதத்தில் பிரிந்தவர்கள்...

குசினியின் பின்கதவைத் திறந்தால் மலைமுகடுகள் தெரியும். அதற்கு அங்கால இத்தாலி என்று சமையல்காரர் ஒருநாள் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு தேவண்ணை குப்பை கொட்டப் போனால் லேசில் திரும்பி வரமாட்டார். "இத்தாலி ஓடாது அண்ணை, வந்து சட்டியைப் பிடியுங்கோ" என்று நான் கத்துவேன். சிரித்துக்கொண்டு வருவார்.

தை மாதம் ஒரு திங்கள். ஹோட்டல் பூட்டு.

"ஒருக்கா ஏறிப் பாத்திட்டு வருவமோ? வழி இருக்கெண்டா, பனி கரைய மாலதியைக் கூட்டிக்கொண்டு வந்திடலாம்."

சப்பாத்துக்குள் தண்ணி ஊறாமல் சொப்பின் பை, பொக்கெற்றில் பாணும் அவித்த முட்டையும். அவ்வளவுதான் எங்களுடைய ஆயத்தம்.

கொஞ்சத் தூரத்துக்கு யாரோ நடந்து இறுகிய பாதை இருந்தது. பக்கத்தில் ஒரு பலகையும் நின்றது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நாங்கள் பார்க்கவே இல்லை.

பாதையால் போனால் யாரும் காண்பார்கள், மரங்களுக்குள்ளால் போவோம் என்று சொன்னவன் நான்தான். இதை இன்றைக்குத்தான் ஊருக்குச் சொல்கிறேன்.

ஊரில் ஆமி றோட்டால் வந்தால், நாங்கள் தோட்டங்களுக்குள்ளாலும் பனை வடலிகளுக்குள்ளாலும் ஓடித் தப்பினவர்கள். பாதை என்றால் ஆபத்து, பாதையில்லாத இடம் பாதுகாப்பு... அது காலிலேயே ஊறியிருந்தது.

பனியில் வைத்த ஒவ்வொரு அடியும் அப்படியே நிற்கும் என்று யாழ்ப்பாணத்தானுக்கு எப்படித் தெரியும்?

முழங்கால் வரைக்கும் பனி. சில இடங்களில் தொடை வரைக்கும். அவர் முன்னுக்கு, நான் அவருடைய கால் பட்ட குழிகளில். மூன்று மணித்தியாலம் போயிருக்கும்... மரங்கள் முடிந்துவிட்டன. நேர் மேலே முகடு.

"உதுக்கு அங்காலதான் அவள்" என்றார். மூச்சு வாங்கியது. முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

அப்போதுதான் பின்னால் விசில் கேட்டது. பூங்காக் காவலர். எங்கள் காலடிகளைப் பிடித்துக்கொண்டே ஸ்கீயில் வந்திருக்கிறார்.

அவர் கத்தவில்லை. எங்களுக்கு விளங்கட்டும் என்று மெதுவாகச் சொன்னார். இந்தப் பூங்காவில் பாதையை விட்டு ஒரு அடியும் வைக்கக் கூடாது, குளிர்காலத்தில் உள்ளே வரவே கூடாது. மான்கள் பட்டினியில் நிற்கின்றன, நீங்கள் வெருட்டினால் ஓடி ஓடியே செத்துப்போகும்.

மானை ஓடவிடக் கூடாது என்பதற்கு அந்த நாட்டில் சட்டம் இருந்தது. எங்களுக்கு இருக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கும் போகவில்லை. மானில் இல்லை.

அட்டைகளை வாங்கிப் பெயர்களைக் கொப்பியில் எழுதினார். தேவண்ணை தனக்குத் தெரிந்த கொஞ்ச ஜெர்மன் சொற்களில், முகட்டைக் காட்டி, "மைன ஃப்ராவ்" என்றார். என்னுடைய மனைவி.

காவலர் முகட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். அங்கே இப்போது போகிறவன் உயிரோடு இறங்கமாட்டான் என்றார். பிறகு எங்களைக் கீழே கூட்டிவந்து விட்டார்.

அந்தக் கொப்பி பொலிசுக்குப் போனதா இல்லையா... கடைசிவரை தெரியாது. ஆனால் பெயர் எழுதப்பட்டுவிட்டது. இரண்டாம் தரம் எல்லையில் பிடிபட்டால் வழக்கு முடிந்தது, தன்னையும் அக்காவையும் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்கள் என்று தேவண்ணை பயந்தார்.

பனி கரைந்தது. தேவண்ணை ஏறவில்லை.

அக்காவுக்கு இதை எழுதுங்கோ என்று எத்தனையோ தரம் சொன்னேன். "சொன்னா அவள் தானா வெளிக்கிட்டு ஏறுவாளடா. அவளின்ர குணம் எனக்குத் தெரியும். நீயும் வாய் திறக்கப்படாது."

கடிதங்களில் ஒரே சொல்தான் போனது. பொறு. பொறு.

ஒன்றரை வருசம் பொறுத்த அக்காவைத் தமையன் கனடாவுக்கு எடுத்துவிட்டார். இனி எழுத வேண்டாம் என்று அக்காவிடமிருந்து கடைசிக் கடிதம் வந்தது. ஆறு வருசம் கழித்து தேவண்ணைக்கு வதிவிடப் பெர்மிட் கிடைத்தது. எழுதினார். அப்போதும் மலையைச் சொல்லவில்லை. பதில் இல்லை.

அவர் வேறு கலியாணம் செய்யவில்லை. அக்காவும் செய்யவில்லை.

நேற்று ரொறன்ரோவில் இருக்கும் அக்காவுக்கு ஃபோன் எடுத்துச் செய்தியைச் சொன்னேன். பிறகு மலையையும் சொன்னேன். பாதையை விட்டு இறங்கச் சொன்னது யார் என்பதையும் சொன்னேன்.

அக்கா ஒன்றுதான் கேட்டார்.

"எவ்வளவு தூரம் வந்தவர்?"

"முகடு தெரிஞ்சது அக்கா. இன்னும் ஒரு மணித்தியாலம் ஏறியிருந்தா மேல நிண்டிருப்பம்."

"கூப்பிட விருப்பமில்லை எண்டெல்லோ நான் நினைச்சனான்..."

ஃபோனை வைத்துவிட்டார். கொஞ்சம் பொறுத்துத் தானே திருப்பி எடுத்து, செத்தவீடு எப்போது என்று கேட்டார். டிக்கெட் பார்க்கிறார்.

வியாழன், ஓல்டனில். வருகிறவர்கள் முன்வரிசையில் அவருக்கு இடம் விடுங்கள்.

சொல்லிப்போட்டன் அண்ணை. கோவியாதேங்கோ.