மந்தையைத் தாண்டிய சைக்கிள்

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று வீட்டில் திட்டுவார்கள். அந்தச் சக்கரத்தை அரசாங்கமே கொண்டுவந்து கொடுத்தால் வேண்டாமென்றா சொல்வேன்? புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து சில வருஷம் கழித்து, கந்தர்வக்கோட்டைப் பக்கம் என்னைக் கிராம சேவிகாவாகப் போட்டார்கள். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குக் குழந்தை வளர்ப்பும் சுத்தமும் தையலும் சொல்லிக்கொடுக்கிற வேலை. ஊர்கள் ஐந்து. நடந்தால் மாளாது என்று பயிற்சியிலேயே சைக்கிள் பழக்கி, பார் இல்லாத சைக்கிள் ஒன்றையும் கொடுத்தனுப்பினார்கள்.

நான் தங்கிய ஊரில் நீளமான கண்மாய்க்கரைதான் சாலை. அதன் நடுவில் மந்தை, ஊர் ஆண்கள் கூடி உட்காரும் மரத்தடி. அங்கே உட்கார்ந்தால் கரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தெரியும். மந்தையின் கண்ணில் படுகிற தூரத்துக்குப் பெண்பிள்ளை சைக்கிளில் ஏறக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடாம். காலங்காலமாக இருப்பது என்றார்கள். நான் வருவதற்கு முன்னால் அந்த ஊர்ப் பெண்கள் யாரும் சைக்கிளைத் தொட்டதே இல்லை; பிறகு அந்தக் கட்டுப்பாட்டை எந்தக் காலத்தில் போட்டார்களோ!

தள்ளிக்கொண்டே போனேன். ஆண்கள் பெல்லடித்துக்கொண்டு என்னைக் கடந்து போனார்கள். கரை முடிந்து, முந்திரிக்காட்டில் ஏறி மிதித்து அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் பெண்கள் காட்டுவேலைக்குப் போயிருப்பார்கள். பூட்டிய கதவுகளுக்குத்தான் நான் சுத்தம் போதித்தேன். “வேலை நடக்கலேன்னா உங்களை வச்சுக்க முடியாதும்மா” என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். வேலை போனால் அண்ணன் வீட்டு அடுப்படி. அங்கே இரண்டாந்தாரமாக ஒரு வரனும் காத்திருந்தது. நினைத்தாலே கால் பரபரக்கும்.

பஞ்சாயத்துத் தலைவர் மேடையேறினால் பெண் முன்னேற்றத்தைப் பற்றித்தான் பேசுவார். இறங்கினால், “இங்கிட்டு ஏறாதீங்கம்மா. பாத்துட்டு நம்ம பொண்ணுகளும் கெளம்பிரும்” என்பார்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் சிரித்துக்கொண்டே வாசலில் வந்து நின்றார். “நாளைக்குக் கெணறு தொறக்க அமைச்சர் வாராரு. நீங்க சைக்கிள்ல ஊர்வலத்துக்கு முன்னாடி போகணும். நம்ம ஊரு முன்னேத்தத்தை அவரு பாக்கணும்ல?”

மேடை போட்டிருந்ததே மந்தையில்தான். கொட்டு மேளம் பின்னால் வர, கரை முழுக்க ஏறி மிதித்து வந்தேன். அமைச்சர் கைதட்டினார். தலைவர் ஊரார் முன்னிலையில் தம் கையாலேயே எனக்கு மாலை போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை அதே கரையில் சைக்கிளில் வந்தேன். மந்தையிலிருந்து எழுந்து வந்து தலைவர் மறித்தார்.

“நேத்து அமைச்சருக்காக. இன்னைக்கு எறங்குங்க.”

வந்த கோபத்தில் எனக்கு நாக்கு முளைத்துவிட்டது. மந்தையில் ஒருவருக்கு ஒருமுறை மரியாதை செய்தால் அது அவருக்கு உரிமை என்பது அங்கே நிஜமாகவே காலங்காலமாக இருக்கும் வழக்கம். மறுத்தால் வெட்டுக்குத்தில் முடியும். கோயில் திருவிழாவில் தலைவருடைய தலையில்தான் முதல் பரிவட்டம் கட்டுவார்கள். என்றோ ஒருநாள் ராஜா அவருடைய தாத்தாவுக்கு அதே மந்தையில் கட்டிய பட்டுத்துணியால் வந்த உரிமை அது. அதைச் சொல்லி மீசையை முறுக்காத நாளில்லை அவர்.

“மந்தையில வச்சு மாலை போட்டீங்க. செஞ்ச மரியாதையை மறுநாளே பறிச்சுக்கலாம்னா, ஒங்க வீட்டுப் பரிவட்டமும் அப்படித்தானுங்களா?” என்றேன்.

மரத்தடியில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். தலைவர் முகம் கறுத்தது. “சரி, போங்க” என்று விலகினார். அன்று முதல் பெண்கள் காட்டுக்குக் கிளம்பும் முன்பே போய்ச் சேர்ந்தேன். வேலை நிலைத்தது. எனக்கு இருந்த மமதையைச் சொல்லி முடியாது.

என் பக்கத்து வீட்டுக்காரி தயிர்ப் பானையைத் தலையில் வைத்துக் கந்தர்வக்கோட்டை வரை நடந்து விற்பவள். முந்திரிக்காட்டில் என் சைக்கிளை எடுத்துப் பழகினாள். விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டு மறுபடி ஏறுவாள். நன்றாகப் பழகியதும் புருஷனின் சைக்கிளில் பானையைக் கட்டிக்கொண்டு ஒருநாள் தனியாகக் கிளம்பினாள். மந்தையில் மறித்தார்கள்.

“எறங்குடி. அது சேவிகாம்மாவுக்கு ஊரு செஞ்ச மரியாதை. ஒனக்கு யாரு மாலை போட்டது?” என்று தலைவர் கேட்டாராம்.

சைக்கிளையும் பானையையும் கரை முழுக்கத் தள்ளிப் போயிருக்கிறாள். “நமக்கெல்லாம் எதுக்குக்கா இது, விடுங்க” என்று சாயங்காலம் என்னிடம் வந்து சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. சாலையைக் கேட்க வேண்டியவள், பரிவட்டம் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். அதை என் ஒரு தலையில்தான் கட்டுவார்கள். அவருடைய வழக்கத்தை வைத்தே அவரை மடக்கிவிட்டதாக நினைத்தேன். அவர் அதே வழக்கத்தை வைத்து இவளை மடக்கிவிட்டார்.

மறுநாள் காலை என் சைக்கிளை அவள் வாசலில் நிறுத்தினேன். “ஏறு. நீ மிதி” என்றேன். பின்னால் கேரியரில் தயிர்ப் பானையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். அரசாங்க உத்தியோகஸ்தி போகிற லட்சணம் அது! சைக்கிள் பாம்பு மாதிரி போயிற்று. மந்தை முழுக்க எழுந்து நின்றது.

“இது என்னம்மா கூத்து?” என்றார் தலைவர்.

“மரியாதைக்காரி சைக்கிள்லதானே இருக்கேன். யாரு மிதிக்கணும்னு நீங்க சொல்லலீங்களே!”

அவர் வாயைத் திறப்பதற்குள் நாங்கள் கடந்துவிட்டோம். கரை முடிந்து முந்திரிக்காடு வந்தது. நான் போக வேண்டிய ஊருக்குப் பாதை பிரிகிற இடத்தில், “நிப்பாட்டு, நான் எறங்கணும்” என்றேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“இருங்கக்கா, இன்னுங் கொஞ்சம்” என்று அழுத்தி மிதித்தாள். சைக்கிள் இப்போது நேராகப் போயிற்று. நான் பானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.