கணபதியின் ரப்பர் முகம்

உக்குவளைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய பெண்களில் புஷ்பவதியின் வாய்க்குத் தனி மரியாதை இருந்தது. கணக்கப்பிள்ளையே அவளிடம் நின்று பேசமாட்டார். அந்த வாயிலிருந்து வந்த ஒரு சொல்தான் பிறகு அவளைக் கட்டிப்போட்டது.

2006இல் கொழும்பிலிருந்து ஒரு சிற்பி வந்தார். கல்லும் வேண்டாம், களிமண்ணும் வேண்டாம், தோட்டத்து ரப்பர் பாலிலேயே தோட்டத்து முகங்களைச் செய்யப் போகிறேன் என்றார். யாரும் முகம் கொடுக்கவில்லை. புஷ்பவதியின் புருஷன் கணபதிதான் முதலில் போய் வாங்குப் பலகையில் மல்லாந்தான். மீசையிலும் புருவத்திலும் தேங்காயெண்ணெய் தடவி, மூச்சுவிட மூக்கில் இரண்டு குழலைச் செருகி, பாரிஸ் சாந்தைக் குழைத்து முகம் முழுக்க அப்பினார் சிற்பி.

"பொணத்துக்குக்கூட இவ்வளவு பூச்சு கெடையாதுடி" என்று பெண்கள் சிரித்தார்கள்.

"பூசட்டும். அப்பவாவது இந்த மனுசன் பேசாம கெடப்பாரு" என்றாள் புஷ்பவதி.

சாந்து இறுகியதும் கழற்றினார். அந்த அச்சுக்குள் பாலைத் தூரிகையால் பூசி, காயவிட்டு, மெல்லிய துணி வைத்து மறுபடி பூசி, தடித்த பிறகு உரித்தெடுத்தார். ரப்பர் சீட்டுகளோடு புகைக்கூடத்தில் தொங்கவிட்டதில் அதற்குத் தோல் நிறமே வந்துவிட்டது. மீசை மயிர்கூடத் தெரிந்தது. கண்கள் மட்டும் மூடியிருந்தன. அச்சை அங்கேயே சுத்தியலால் உடைத்தார். ஒரே முகம் இரண்டு இருந்தால் மதிப்பில்லையாம்.

2008இல் கணபதி தம்புள்ளைக்கு லொறியில் மூட்டை ஏற்றப் போனான். வழியில் சீருடையில்லாத சிலர் அவனை இறக்கிக்கொண்டு போனதாகச் சாரதி வந்து சொன்னான். அடையாள அட்டையும் அவனோடு போயிற்று. கல்யாணப் படமோ கூரை ஒழுக்கில் ஊறி, மாப்பிள்ளை நின்ற பக்கம் வெறும் மஞ்சள் கறை. எந்த இராணுவ முகாம் வாசலுக்குப் போனாலும் படம் கேட்டார்கள்.

அந்த நேரம் பார்த்து கணபதியின் அண்ணன் பொன்னையாவின் மகளுக்குச் சம்பந்தம் கூடியது. மாப்பிள்ளை வீட்டார் ஒரே பிடியாக நின்றார்கள். "ஒங்க தம்பி செத்தவனா, இருக்கிறவனா? ஒண்ணச் சொல்லுங்க. துக்கம் பாதியில நிக்கிற வீட்டுல நாங்க பொண்ணெடுக்க மாட்டோம்."

உடம்பு கிடைக்காதவர்களுக்குத் தர்ப்பைப் புல்லில் உருவம் கட்டி எரித்துக் கருமாதி செய்வது எங்களிடம் உண்டு. பொன்னையா புல்லோடு வந்தார்.

புஷ்பவதி லயத்து வரிசை வீட்டார் எல்லார் முன்னாலும் கத்தினாள். "புல்லுக்கெல்லாம் நான் தாலி அறுக்க மாட்டேன். மொகத்தக் கொண்டாந்து காட்டுங்க, அப்ப அறுக்குறேன்!"

"சொல்லிட்டா. எல்லாரும் கேட்டுக்கங்க" என்றார் பொன்னையா.

ரப்பர் முகம் அவளுக்குப் பிறகுதான் நினைவு வந்தது. எங்கள் தோட்டத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்றவன் நான், சிங்களமும் சரளம் என்பதால் என்னைத்தான் கொழும்புக்குக் கூட்டிப் போனாள். பட்டறையில் முகங்கள் கம்பிகளில் தொங்கின. சில வெக்கையில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. கணபதிக்கு ஒன்றும் ஆகவில்லை. சிற்பி தயங்காமல் கழற்றிக் கொடுத்தார். பஸ்ஸில் அதை மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டு வந்தாள். படம் பிடித்து முகாம் முகாமாகக் காட்டுவதுதான் அவள் எண்ணம். அன்று போயா, பௌர்ணமி விடுமுறை. மாத்தளையில் ஸ்டூடியோ பூட்டியிருந்தது.

"நாளைக்கு எடுத்துக்குவோம் தம்பி" என்றாள்.

தன் காம்பிரா அறையில் சாமி விளக்குப் பக்கத்தில் வைத்தாள். எட்டிப் பார்த்த ஒருத்தி மூடிய கண்களைக் கண்டதும் ஒப்பாரியை எடுத்துவிட்டாள். எழுந்த ஒப்பாரியை எங்கள் லயத்தில் யாரும் பாதியில் நிறுத்துவதில்லை. தப்பு மேளம் வந்தது. பொன்னையாவும் வந்தார்.

"மொகம் வந்துருச்சு. நீ சொன்ன சொல்லு நிக்குது புள்ள."

"ஐயோ மாமா, அது ரப்பரு! உசுரோட இருக்கப்ப எடுத்தது! தம்பி, நீயாச்சும் சொல்லுய்யா!"

நான் அச்சையும் சாந்தையும் பாலையும் பற்றி விளக்கமாகச் சொன்னேன். பொன்னையா பொறுமையாகக் கேட்டார்.

"படிச்ச தம்பி, புல்லு மட்டும் மனுசனா? அதையே எரிக்கிறோம். இது அவன் மீசையத் தொட்டு வந்தது. புல்லவிட ஒசத்திதானே?"

பெண்கள் அவளை அமுக்கிப் பிடித்து வளையலை உடைத்தார்கள். தாலியை அறுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் புல்லுருவத்தின்மேல் முகத்தை வைத்து மயானத்தில் கொளுத்தினார்கள். ரப்பர் உப்பியது, ஒரு கணம் கண்ணைத் திறப்பதுபோலச் சுருங்கியது, பிறகு தாராக வழிந்தது.

"பால் வாசத்தோடயே போறான்டா" என்று யாரோ சொல்ல, ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள்.

தையில் கல்யாணம் நடந்தது. அறுத்தவள் என்று புஷ்பவதியை மணவறைப் பக்கம் விடவில்லை. பின்னால் அண்டா கழுவினாள்.

2009 கடைசியில், அதேபோல் பிடித்துப் போகப்பட்டிருந்த கலேவெல வியாபாரி முத்தலிப் என்பவர் தடுப்புக் காவலிலிருந்து வெளியே வந்தார். அவரைத் தேடிப் போனோம். தோட்டப் பேச்சுப் பேசும் ஒருவன் தன்னோடு இருந்ததாகவும், தான் வெளியே வரும்போது அவன் உயிரோடு இருந்ததாகவும் சொன்னார். பெயர் தெரியாது, அங்கே எல்லாருக்கும் நம்பர்தான்.

"மீசை இருக்கும்ணே. நெத்தி கொஞ்சம் ஏறியிருக்கும்..."

"அங்க எல்லாருக்கும் அப்பிடித்தான் தங்கச்சி. போட்டோ ஒண்டு ஈக்குதா?"

புஷ்பவதி கேட்டாள்: "கண்ணு மூடுன மொகமா இருந்தா, ஒங்களுக்கு அடையாளம் தெரியுமாண்ணே?"

"அதுதான் நல்லாத் தெரியும். பகலும் ராவும் படுத்துத்தானே கெடந்த. தூங்குற மொகமெல்லாம் எனக்கு மனப்பாடம்" என்றார் முத்தலிப். "கொண்டாந்து காட்டுங்க தங்கச்சி. ஒரு பார்வையில செல்லிருவன்."