அகரத்தில் வாங்கிய சால்டரிங் அயன்

1962 மாசி மாதம், ஒரு சனிக்கிழமை காலை ஆறேகால் மணிக்கு நத்தத்தில் பஸ் ஏறினேன். திண்டுக்கல்லுக்கு இருபத்துநாலு மைல், டிக்கெட் தொண்ணூறு நயா பைசா. கோபால்பட்டி தாண்டும்வரை சிறுமலை இடப்பக்கம் பனிக்குள் இருந்தது. அடிவாரத் தோப்புகள் மட்டும் தெரிந்தன.

வீட்டு முன்னறையில் ரேடியோ ரிப்பேர் செய்து பிழைப்பவன் நான். என் சால்டரிங் அயன் முந்தின வாரம் பிடியோடு எரிந்துபோயிருந்தது. ஈயத்தை உருக்கிக் கம்பிகளை ஒட்டவைக்கும் சூட்டுக்கோல் அது. அது இல்லாவிட்டால் என் கைக்கு வேலை இல்லை. புதிது பதினைந்து ரூபாய் என்றார்கள். பழையது தேடிக் கிளம்பினேன்.

எட்டு மணிக்குத் திண்டுக்கல். கடைவீதியில் ரேடியோ சாமான் விற்பவர் முதலில் இல்லை என்றார். நான் நகராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு மறுபடி பேசினார்.

"அகரத்துல சூசைன்னு ஒரு ரிப்பேர்க்காரர். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கரண்ட் அடிச்சுப் போயிட்டாரு. அவரு அயன் இருக்கு. ரெண்டு பேரு வாங்கப் போனாங்க."

"வாங்கலையா?"

"வாங்குனாங்க, கையில. சூடு ஏறுதான்னு தொட்டதும் தூக்கி எறிஞ்சிட்டு வந்துட்டாங்க. அந்த வீட்டுல அவரு இன்னும் வேலை பாக்குறாருன்னு பேச்சு. உனக்குப் பயமில்லைன்னா போ."

பயம் இருந்தது. ஆனால் பதினைந்து ரூபாய் இல்லை.

தாடிக்கொம்புவரை ஆறு மைல் பஸ். ஒன்பதரை மணிக்குக் கோயிலுக்கு எதிரே இறங்கி, எட்டணாவுக்கு ஒரு குதிரைவண்டி பேசினேன். சாலையின் இரு பக்கமும் கத்தரியும் பூச்செடியும். வீட்டின் அடையாளம் சொன்னதும் வண்டிக்காரர் கயிற்றைத் தளர்த்தினார்.

"ரேடியோக்காரர் வீடா? தெரு முனையில இறக்கிவிடுறேன் அப்பு. அதுக்கு மேல குதிரை வராது."

"குதிரைக்கு என்ன?"

"குதிரைக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான்."

தெருவில் கடைசி வீடு. சூசையின் மனைவி ஆரோக்கியமேரி கதவைத் திறந்தார். பள்ளிக்கூட ஆசிரியை, நாற்பது வயதிருக்கும். நான் வந்த காரியத்தைச் சொல்லி முடிக்கும்வரை என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செருப்பைக் கழட்டாதீங்க. போட்டுக்கிட்டே வாங்க" என்றார்.

உள்ளே சுவரோரம் பதினோரு ரேடியோக்கள், பின்மூடி கழற்றிய நிலையில் வரிசையாக இருந்தன. உள்ளே கண்ணாடி வால்வுகளின் மேல் தூசி. எல்லாம் ஊர்க்காரர்கள் ரிப்பேருக்குக் கொடுத்தவை. இறந்தவர் கை பட்டது என்று ஒருவரும் திரும்ப வாங்க வரவில்லையாம். அறையில் குங்கிலிய வாசம் இருந்தது. ஈயம் ஒட்டுவதற்குக் குங்கிலியத்தைத் தொட்டுக்கொள்வோம், சூடு பட்டால்தான் அது அப்படி மணக்கும். மேசைமேல் இருந்த குங்கிலிய டப்பாவைத் திறந்து பார்த்தேன். காலி.

"உங்களுக்கும் அடிக்குதா?" என்று கேட்டார் டீச்சர்.

தலையாட்டினேன்.

"அப்ப எனக்கு மட்டும் இல்ல. இந்த ரெண்டு மாசமா நான் சுவிட்சு எதையும் தொடறதில்லைங்க. மண்ணெண்ணெய் விளக்குதான். அக்கா வீட்டுக்கு வந்துருன்னு கூப்பிடுறாங்க. வீட்டையே வித்துரலாமான்னு இருக்கேன். அவரை அடிச்சது எதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும். நீங்க தொழில் தெரிஞ்சவங்க. சொல்லுங்க."

அயன் மேசை இழுப்பறையில் இருந்தது. மரப்பிடி கை பட்டு வழவழத்துக் கறுத்திருந்தது. பிளக்கைச் செருகி, ஒரு பலகை மேல் ஏறி நின்றேன். எங்கள் வழக்கப்படி புறங்கையால் அயனின் இரும்பை லேசாகத் தொட்டேன். கரண்ட் அடித்தால் விரல்கள் மடங்கும். உள்ளங்கை என்றால் பிடித்துக்கொள்ளும், புறங்கை என்றால் விலகிவிடும். முழங்கைவரை எறும்பு ஏறியது. இரண்டு கால் பிளக்தான், எப்படியும் செருகலாம். அதை உருவி, தலைகீழாகத் திருப்பிச் செருகினேன். மறுபடி தொட்டேன். ஒன்றுமே இல்லை. சாதுவாக இருந்தது.

உள்ளே சுருளில் ஒரு முனை இரும்போடு உரசியிருக்கிறது. பிளக்கை ஒரு பக்கமாகச் செருகினால் வேலை செய்யலாம். மறுபக்கமாகச் செருகினால் ஆளைக் கொல்லும். இப்படிப்பட்ட அயனை நாங்கள் தூக்கிப் போடுவதில்லை. எது மேல்பக்கம் என்று பிளக்கில் ஓர் அடையாளம் வைத்துக்கொண்டு ஓட்டுவோம். பிளக் மாறினால் ரேடியோவின் இரும்புச் சட்டத்திலும் கரண்ட் ஏறும், அதற்கும் இதே அடையாளம்தான்.

சுவரோரம் திரும்பிப் பார்த்தேன். பதினோரு ரேடியோக்களின் பிளக்கிலும் ஒரு பக்கம் வெள்ளைப் புள்ளி. விரல் நுனியால் வைத்த சுண்ணாம்பு. அயனின் பிளக் மட்டும் பளபளவென்று இருந்தது.

டீச்சர் என் பார்வையைத் தொடர்ந்தார்.

"அதை நான்தான் துடைச்சேன். பண்டிகைக்கு வீடு ஒழிச்சப்போ. வெத்தலை போட்டுட்டு தூணு, கதவு, சாமான்னு எங்க பாத்தாலும் தடவுற மனுசன். மத்ததுக்கு நேரம் கிடைக்கல."

இவரிடம் இதைச் சொல்லக்கூடாது என்று நினைத்து, வாயில் வந்த வேறொன்றைச் சொன்னேன்.

"தரை ஈரமா இருந்திருக்கும் டீச்சர். ஈரத்துல நின்னா அடிக்கும்."

"தரையையும் நான்தான் கழுவி விட்டேன்" என்றார்.

வெளியே கோழி ஒன்று கேறியது. அவர் பிளக்கைக் கையில் எடுத்தார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு ரேடியோக்களின் பிளக்குகளைப் பார்த்தார். வகுப்பு எடுப்பவர் அல்லவா, நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இது சும்மா வச்ச சுண்ணாம்பு இல்ல."

"இல்லங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையே."

அதுவரை நான் யாரிடமும் முகம் பார்த்துப் பேசியதில்லை. அன்று பேசினேன்.

"டீச்சர், நீங்க துடைச்சதுல தப்பில்ல. உள்ள இருக்கிற சுருள் ரெண்டு ரூபாய். அதை மாத்தாம புள்ளி வச்சு ஓட்டுனது அவரு. அவரு மட்டுமில்ல, நாங்க எல்லாருமே அப்படித்தான். வீட்டுல உள்ளவங்களுக்குச் சொல்லவும் மாட்டோம். பயந்துருவாங்கன்னு."

அங்கேயே அயனைப் பிரித்து, கருகிய சுருளை வெளியே எடுத்து, இரண்டாக ஒடித்து அவர் முன்னால் வைத்தேன். அவர் அழவில்லை. ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இங்க அவரு இல்ல" என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, ஏமாற்றமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. குங்கிலிய வாசம் அப்போதும் இருந்தது.

பிடியையும் கூட்டையும் ஐந்து ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு, தாடிக்கொம்புக்கு நடந்தே வந்தேன். திண்டுக்கல்லில் புதுச் சுருள் ஒன்று வாங்கி, இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன். அந்த வீட்டுக்கும் என் வீட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று வழியெல்லாம் யோசித்தேன். அங்கே சுண்ணாம்புப் புள்ளி, என் வீட்டில் சாக்பீஸ் கோடு. அவ்வளவுதான் தோன்றியது.

நான்கு மணிக்கு நத்தம். சட்டையைக்கூடக் கழற்றாமல் மனைவியை முன்னறைக்குக் கூப்பிட்டு, என் தொழிலில் எது ஆளைக் கொல்லும் என்று முதன்முதலாகச் சொன்னேன். பிளக்குகளில் நான் போட்டிருக்கும் கோடுகளைக் காட்டினேன். ரிப்பேருக்கு வந்த ஏழு ரேடியோக்கள் மேசையில் இருந்தன.

அவள் முகம் மாறியது.

"போன வாரம் தூசி தட்டுறப்ப ஒண்ணுல கோடு அழிஞ்சு போச்சுங்க. நீங்க தேடுவீங்களேன்னு நானே சாக்பீஸ் எடுத்துப் போட்டு வச்சேன்."

"எந்தப் பக்கம்?"

"பக்கம் பாத்தா போட்டேன்?"

"எந்த ரேடியோ?"

அவள் ஏழையும் பார்த்தாள். எல்லாக் கோடுகளும் ஒரே மாதிரி இருந்தன.

அவளிடம் ஈரத்துணி வாங்கி, ஏழு பிளக்குகளையும் துடைத்தேன். பலகையைப் போட்டு ஏறி நின்று, முதல் ரேடியோவிலிருந்து ஒவ்வொன்றாகப் பிளக்கைச் செருகிப் புறங்கையால் தொடத் தொடங்கினேன். அவள் வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை.