ஓடியாந்தவன் வீட்டு அத்தை

அத்தை எனக்கு முதன்முதலில் காட்டிய மனு, அங்கன்வாடிப் பதிவேட்டிலிருந்து கிழித்த கோடு போட்ட தாளில் இருந்தது. பின்பக்கம் யாரோ ஒரு குழந்தையின் எடை எழுதி அடித்திருந்தது. முன்பக்கம் நீல மையில், தலைப்பிலிருந்து கையெழுத்து வரை ஒரே சீராக, "ஐயா, எங்கள் தாத்தா பட்டாளத்திலிருந்து ஓடினாரா இல்லையா என்று தெரிவிக்கும்படிக் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரே ஒரு வரி. யாருக்கு அனுப்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆனால் நான் வேலூரில் ஒரு அச்சகத்தில் டைப் அடிக்கிறவன் என்பதால், உலகத்தில் உள்ள எல்லா அலுவலகங்களின் முகவரியும் எனக்குத் தெரியும் என்பது அத்தையின் நம்பிக்கை. அதைக் கெடுக்க மனம் வராமல் வாங்கிக்கொண்டேன்.

அத்தை என் அப்பாவின் அக்கா. இளம் வயதிலேயே கணவரை இழந்து ஜவ்வாது மலையில் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவர். அப்பா பிழைப்புக்காகக் கீழே இறங்கிவிட, வீட்டையும் சாமை விளையும் கொல்லையையும் நாலு புளியமரத்தையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். முப்பது வருஷத்துக்கு மேல் அங்கன்வாடியில் வேலை பார்த்ததால் ஊரில் பாதிப் பேரை எடை போட்டவர் அவர். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர்கூட அவரை டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுவார். அவ்வளவு மரியாதை இருந்தும் எங்கள் வீட்டுக்கு ஊரில் வேறொரு பேர் உண்டு. ஓடியாந்தவன் வூடு. முதல் உலகப் போர் நடந்த காலத்தில் கணியம்பாடிப் பக்கத்திலிருந்து வெள்ளைக்காரன் பட்டாளத்தில் சேர்ந்தவர், பாதியில் தப்பி ஓடி, அமிர்திக் காட்டு வழியாக மலையேறி வந்துவிட்டார் என்பது அத்தையின் தாத்தாவைப் பற்றிய பேச்சு. யாரும் பார்த்ததில்லை, எழுதி வைத்ததும் இல்லை. ஆனால் மூன்று தலைமுறையாக அதைச் சொல்லாத வாய் கிடையாது.

மலைக்காரர்கள் அவரைத் துரத்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சோறு போட்டார்கள், உழுது திருத்திக்கொள்ள நிலம் காட்டினார்கள், பெண்ணும் கொடுத்தார்கள். ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. திருவிழா மூன்று நாளும் அம்மன் நகைப்பெட்டியை வெளியே எடுத்து வைப்பார்கள். அதன் பக்கத்தில் ஒரு பகல் முழுக்க ஒரு வீட்டுக்காரர் காவல் உட்கார வேண்டும். இந்த வருஷம் மூன்று வீடு, அடுத்த வருஷம் வேறு மூன்று வீடு என்று முறை சுற்றி வரும். எங்கள் வீட்டு வாசல் வந்ததும் அந்த முறை தாண்டிப் போய்விடும். காவலிலிருந்து ஓடினவன் வீட்டுக்குக் காவல் கிடையாது. சண்டையாகச் சொன்னதில்லை, ஏதோ மழை பெய்யாத நாளைச் சொல்வதுபோலச் சாதாரணமாகச் சொல்வார்கள். அப்பா இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகிறவர். அத்தைக்கு அது சிரிப்பாக இல்லை. ஓய்வு பெற்ற மறுமாதம்தான் அந்த மனுவை எழுதினார்.

அதன்பிறகு ஒன்றரை வருஷம் அவர் என்னைப் படாதபாடு படுத்தினார். நான் மனுவை ஆங்கிலத்தில் அடித்து நாலைந்து இடங்களுக்கு அனுப்பினேன். பதில் வராத இடங்களுக்கு அவரே நேரில் கிளம்பிவிடுவார். விடிகாலை மலையிலிருந்து பஸ் பிடித்து, தூக்குச்சட்டியில் சாமைச் சோறும் புளிக்குழம்பும் எடுத்துக்கொண்டு, பத்து மணிக்கு என் அச்சக வாசலில் நிற்பார். முதலாளியிடம் அவரே எனக்கு லீவும் கேட்டுவிடுவார். ஒரு அலுவலகத்தில் இருந்த எழுத்தர், நல்ல மனிதர்தான், நாங்கள் சொன்னதைக் கேட்டுக் குழம்பிப்போய், "இன்னாம்மா வேணும் உங்களுக்கு? பென்ஷனா?" என்று கேட்டார். "பென்ஷன் வேணாங்க. ஓடினாரா, இல்லையா, அது தெரிஞ்சா போதும்" என்றார் அத்தை. எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அன்றைக்கு வெட்கப்பட்டேன் என்பதை ஒளிப்பானேன். இன்றைக்கு நினைத்தால் பெருமையாக இருக்கிறது. எதுவும் வேண்டாம், உண்மை மட்டும் வேண்டும் என்று அந்த அலுவலகத்தில் வந்து நின்றவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

கடைசியில் ஒரு நகல் வந்தது. பழைய பதிவேட்டுப் பக்கம் ஒன்றின் படம். தாத்தாவின் பேர் இருந்தது, கணியம்பாடியை ஒட்டிய ஒரு கிராமத்தின் பேர் இருந்தது, ஒழுங்காகப் பணி செய்து முறைப்படி விடுவிக்கப்பட்டார் என்று இருந்தது. அவருடைய அப்பா பேர் இருக்கவேண்டிய இடத்தை மட்டும் பூச்சி அரித்திருந்தது. அத்தை அந்த ஓட்டையில்தான் விரலை வைத்தார். "இங்க இன்னாடா இருந்திருக்கும்?" என்று கேட்டார். நான் ஆர்டர் முடிக்கிற அவசரத்தில் இருந்தேன். "நம்ம ஆளுதான் அத்தை. பேரும் ஊரும் சரியா இருக்குது, அப்புறம் இன்னா?" என்று அடித்துச் சொல்லிவிட்டேன். படித்தவன் சொன்னால் சரியாக இருக்கும் என்று அத்தை நம்பினார். என் வாழ்க்கையில் நான் அவசரப்பட்டுச் செய்த தப்புகளில் அதுதான் பெரியது.

ஊர் கூடியபோது அந்தக் காகிதத்தை நான்தான் படித்துக் காட்டினேன். ஊர்க்கவுண்டர் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நூறு வருசமா தப்பாப் பேசிட்டோம் டீச்சரம்மா" என்றார். வரப்போகும் திருவிழாவில் இரண்டாம் நாள் காவல் எங்கள் வீட்டுக்கு என்று அங்கேயே முடிவானது. அத்தை அன்று அழுததை நான் பார்த்தேன். அவர் அழுது அதற்கு முன் நான் பார்த்ததில்லை. காவல் உட்காரும்போது கட்டிக்கொள்ள அரக்கு நிறத்தில் ஒரு புடவை எடுத்தார்.

அவர் அதோடு விட்டிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். ஆனால் காகிதத்தில் ஊர்ப் பேர் இருந்ததே! இத்தனை காலமும் கணியம்பாடிப் பக்கம் என்பதற்கு மேல் எதுவும் தெரியாமல் இருந்தோம். அந்தக் கிராமத்தில் நம் பங்காளிகள் யாராவது இருப்பார்கள், அவர்களும் தலைகுனிந்துதானே இருந்திருப்பார்கள், போய்ச் சொல்லிவிட்டு வரலாம் என்று அத்தை கிளம்பினார். கணியம்பாடி பஸ் நிறுத்தத்தில் ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கிக்கொண்டோம். விசாரித்துப் போய்ச் சேர்ந்த வீட்டில் எழுபது வயதுக்காரர் ஒருவர் இருந்தார். முறைக்கு அத்தைக்கு அண்ணன். நாங்கள் யார் என்று சொன்னதும் கட்டிலை இழுத்துப் போட்டு உட்காரவைத்தார். அத்தை எங்கள் நகலை எடுத்து நீட்டியபோது அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய்த் தகரப் பெட்டியிலிருந்து ஒரு பழைய சான்றிதழை எடுத்து வந்தார். அதே பேர், அதே ஊர், அதே சிப்பாய் எண். அதில் பூச்சி அரிக்கவில்லை. அப்பா பேர் தெளிவாக இருந்தது. அது அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பேர்.

அந்தக் கொள்ளுத்தாத்தாவும் எங்கள் தாத்தாவின் அப்பாவும் அண்ணன் தம்பி. இரண்டு பேருமே தலைச்சன் பிள்ளைக்குத் தங்கள் அப்பாவின் பேரை வைத்திருக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். அதனால் ஒரே பேரில் இரண்டு பையன்கள். "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் பட்டாளத்துல சேந்தாங்களாம்மா" என்றார் அந்தப் பெரியவர். "எங்க தாத்தா கடைசி வரைக்கும் இருந்துட்டு வந்தாரு. உங்க தாத்தா ஆறு மாசத்துல காணாம பூட்டாராம். போலீசு வந்து இந்த வூட்டைத்தான் சோதனை போட்டுச்சாம்." அவர் குத்திக் காட்டவில்லை. சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற சங்கடத்தோடு சொன்னார். அத்தை ஜாங்கிரிப் பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தார். "எங்க தாத்தாவால உங்க வூட்டுக்கும் கஷ்டம்தான் அண்ணா, மன்னிச்சிக்கோங்க" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் நான் வாய் ஓயாமல் பேசினேன். அந்தப் பெரியவர் மலைக்கு வரப்போவதில்லை. நம் காகிதத்தில் ஓட்டைதான் இருக்கிறது, தப்பான பேர் இல்லை. நாம் பொய் சொல்லவில்லை, சொல்லாமல் இருக்கிறோம், அவ்வளவுதான். அமிர்தி தாண்டி வண்டி மேலே ஏறும்வரை அத்தை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "பொட்டியக் காக்கணும்னுதானே கேட்டேன்? ஒரு பொய்ய மடியில வெச்சிக்கினு உக்காந்தா நான் எதைக் காக்கறது, பொட்டியவா பொய்யவா?" என்று கேட்டார்.

திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது ஊரைக் கூட்டச் சொன்னார். அவ்வளவு பேர் முன்னால் எழுந்து நின்று, குரல் நடுங்காமல் பேசினார். "இந்தக் காயிதம் எங்க தாத்தாது இல்லீங்க. அதே பேர்ல இருந்த அவங்க பங்காளிது. எங்க தாத்தா ஓடித்தான் வந்தாரு." யாரோ, "வெள்ளைக்காரன் அடிச்சிருப்பான், அதான் வந்திருப்பாரு" என்று உதவிக்கு வந்தார்கள். அத்தை அந்த உதவியையும் வாங்கிக்கொள்ளவில்லை. "அது தெரியாதுங்க. பயந்துகூட ஓடியாந்திருக்கலாம்" என்றார். ஊர்க்கவுண்டர் தலையைத் தடவிக்கொண்டு, "அப்போ முறை இல்லைன்னு ஆவுதேம்மா" என்றார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டு அத்தை உட்கார்ந்தார். எனக்கு அந்த இடத்திலேயே அவர் காலில் விழவேண்டும் போல இருந்தது. கோபமும் இருந்தது. நூறு வருஷத்துப் பேச்சை ஒரு தாளில் மாற்றியவர், நாலு வார்த்தையில் அதைத் திரும்பவும் ஊர் கையில் கொடுத்துவிட்டாரே என்ற கோபம். திருவிழாவுக்கு அரக்குப் புடவையையே கட்டிக்கொண்டு வந்து, கூட்டத்தோடு கூட்டமாக நின்று கும்பிட்டார்.

அடுத்த வருஷம் யாரும் எதிர்பாராத சிக்கல் ஒன்று வந்தது. அம்மன் பதக்கத்தில் ஒரு கல்லைக் காணவில்லை. போன வருஷம் காவல் இருந்த மூன்று வீடுகளில் இரண்டு ஒன்றையொன்று கைகாட்டின. கல் பெட்டியின் மூலையிலேயே பிறகு கிடைத்தது என்றாலும், வாயிலிருந்து வந்த வார்த்தைகளைப் பொறுக்கி எடுக்க முடியவில்லை. அவர்கள் உட்கார்ந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று இரண்டு பக்கமும் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். திருவிழா நடக்குமா என்பதே சந்தேகமானது. ஊர்க்கவுண்டர் இரண்டு தரப்பையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, யார் உட்கார்ந்தால் ஒத்துக்கொள்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். இரண்டு தரப்பும் அத்தையைச் சொல்லியிருக்கிறார்கள். "ஓடியாந்தவன் வூடாச்சே" என்று யாரோ முனகியபோது, எங்களோடு பேச்சுவார்த்தையே இல்லாத ஒருவர்தான் பதில் சொன்னாராம்: "ஓடினதையே வந்து ஒத்துக்கிட்ட பொம்பளைய்யா அது. பொட்டில ஒரு திருகாணி கொறஞ்சாலும் அதுவே வந்து சொல்லும்."

அத்தை மறைந்து இப்போது இரண்டு வருஷம் ஆகிறது. வீட்டின் பேர் மாறவில்லை. இன்றும் ஓடியாந்தவன் வீடுதான். ஆனால் அந்த வருஷத்திலிருந்து முறை எங்கள் வாசலைத் தாண்டுவதில்லை. அடுத்த முறை நான்தான் உட்கார வேண்டும். என்னால் முடியுமா என்று யோசிக்கும்போதெல்லாம் அவருடைய முதல் காவல் நாள்தான் கண் முன்னால் வரும். பெட்டிக்குப் பக்கத்தில் பாயைப் போட்டு உட்கார்ந்தால், சாயங்காலம் பூசாரி வந்து பெட்டியைத் தொடும்வரை எழுந்திருக்கக் கூடாது. அத்தைக்கு அப்போதே இரண்டு முழங்காலும் போய்விட்டிருந்தன. மத்தியானத்துக்குள் கால் வீங்கி, முகம் வெளுத்து, உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் போய்க் குனிந்து, ஊர்க்கவுண்டரிடம் சொல்லிவிட்டேன், கொஞ்சநேரம் நான் மாற்றி உட்காருகிறேன், எழுந்து போய்க் காலை நீட்டிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அத்தை சுற்றிலும் பார்த்தார். ஊரே எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் கேட்கும்படியாகவே, சிரித்துக்கொண்டு சொன்னார்:

"போடா அந்தப் பக்கம். எங்க வூட்ல ஒருத்தர் எந்திரிச்சுப் போனது போதும்."