மறைத்த பிரஷர் சீட்டு

தொண்ணூறுகளில் என் மகன் பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருந்தான். ஒரு நாள் எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் இலவசமாக பிரஷர் பார்த்தார்கள். எனக்குச் சரியாக இருந்தது. முப்பது வயது ஆகாத மகனுக்கு மூன்று முறை பார்த்தார்கள். கண்ணுக்குள்ளும் லைட் அடித்தார்கள்.

“ஏனுங்கம்மா, உங்களைவிடத் தம்பியோட ரத்தக்குழாய்க்குத்தான் வயசு சாஸ்தியாத் தெரியுது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க” என்று டாக்டரம்மா சீட்டு எழுதித் தந்தார்.

மகன் சிரித்தான். “அப்படீன்னா இனி நீங்க என்னை அண்ணான்னு கூப்புடோணுங்கம்மா.”

அடுத்த வாரம் அவனுக்குப் பெண் பார்க்கப் போக இருந்தோம். மாத்திரை தின்கிற மாப்பிள்ளைக்கு யார் பெண் கொடுப்பார்கள்? எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன் என்றாலும், வீட்டில் என் சொல்தான் நடக்கும்.

“கலியாணம் முடியட்டும் கண்ணு, வாயைத் தொறக்காதே” என்று சீட்டை என் துணிப்பெட்டிக்கு அடியில் போட்டேன்.

கல்யாணம் ஊர் மெச்ச நடந்தது. அதன் பிறகும் மருமகளுக்குத் தெரிந்துவிடுமே என்று அந்தச் சீட்டை நான் எடுக்கவில்லை. இரண்டாம் வருடம் அவன் பட்டறையிலேயே விழுந்தான். ஒரு பக்கம் கையும் காலும் போயின. பேச்சும் போயிற்று.

“முன்னாடியே ஏதாச்சும் நோவு இருந்துதுங்களா அத்தை?” என்று மருமகள் கேட்டாள்.

“ஒண்ணுமில்லை அம்மணி” என்றேன்.

அவன் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தான்.